சிவில் பறிமுதல்: அமெரிக்காவில் எந்தச் சீர்திருத்தம் உண்மையில் பலன் தருகிறது?

அமெரிக்க நீதிமன்றப் பதிவுகளில் ‘அமெரிக்க அரசு எதிர் 1,24,700 டாலர்’ என்று ஒரு வழக்கு இருக்கிறது. பிரதிவாதி அந்தப் பணமேதான். நெப்ராஸ்கா நெடுஞ்சாலையில் வேகமாகப் போன வாடகைக் காரைப் போலீஸ் நிறுத்தியது. குளிர்பெட்டிக்குள் நோட்டுக் கட்டுகள் இருந்தன. மோப்ப நாய் சாடை காட்டியது. போதைப்பொருள் எதுவும் அகப்படவில்லை. காரை ஓட்டியவர் முதலில் பணமே இல்லை என்று பொய் சொன்னார். பிறகு, குளிர்பதன லாரி வாங்குவதற்காகச் சேர்த்த பணம் என்றார். கீழ் நீதிமன்றம் அவர் தரப்பை ஏற்றது. 2006இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளிவிட, பணம் அரசிடமே போய்ச் சேர்ந்தது. யாரையும் குற்றவாளி என்று நிரூபிக்க வேண்டிய தேவை அரசுக்கு எழவே இல்லை.

குற்றத்தை நிரூபிக்காமலே, சொத்தின் மீதே வழக்குப் போட்டு அரசு அதை எடுத்துக்கொள்ளும் இந்த முறைக்குத்தான் சிவில் பறிமுதல் என்று பெயர். இந்தச் சட்டத்தைத் திருத்த அங்கே முன்வைக்கப்படும் வழிகள் பல. அவற்றில் நான்கைப் பார்க்கலாம்.

முதல் வழி, நிரூபணத் தரத்தை உயர்த்துவது. கூட்டாட்சி அரசு, அதாவது தேசிய அரசு, 2000ஆம் ஆண்டில் கொண்டுவந்த சீர்திருத்தச் சட்டம் இதைத்தான் செய்தது. அதற்கு முன் சொத்துக்காரர்தான் தன் சொத்து சுத்தமானது என்று காட்ட வேண்டியிருந்தது. அந்தச் சுமையைச் சட்டம் அரசின் தோளுக்கு மாற்றியது. நல்ல மாற்றம்தான். ஆனால் அரசு காட்ட வேண்டியதெல்லாம் தன் பக்கம் தராசு சற்றே சாய்கிறது என்பதை மட்டுமே. மேலே சொன்ன 1,24,700 டாலர் பறிபோனது இந்தச் சட்டம் வந்த பிறகுதான்.

இரண்டாவது வழி, குற்றத் தீர்ப்பு வந்த பிறகே பறிமுதல் என்பது. கேட்பதற்கு இதைவிட நியாயமான விதி இல்லை. கலிஃபோர்னியா 2016இல் தன் சட்டத்தை இந்தத் திசையில் இறுக்கியது: 40,000 டாலருக்கு உட்பட்ட ரொக்கம் என்றால், தீர்ப்பு இல்லாமல் உள்ளூர்ப் போலீஸ், கூட்டாட்சி அரசு பறிமுதல் செய்த பணத்தில் பங்கு வாங்க முடியாது. ஆனால் பல மாநிலங்களில் இந்த விதி, சொத்துக்காரர் நீதிமன்றத்துக்கு வந்து உரிமை கோரினால்தான் உயிர்பெறுகிறது. 1,200 டாலரை மீட்க யார் வழக்கறிஞர் வைப்பார்? சிவில் வழக்கு என்பதால் அரசு செலவில் வழக்கறிஞர் கேட்கும் உரிமையும் பொதுவாகக் கிடையாது. ஆள் வராவிட்டால் வழக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது.

ஃபிலடெல்ஃபியா நகர மன்றக் கட்டடத்தின் 478ஆம் எண் அறையைப் பற்றிப் படித்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். அங்கே நீதிபதி இருந்ததில்லை. யாருடைய காரையும் வீட்டையும் பறிக்க வழக்குப் போட்டார்களோ, அவர்களைக் கூப்பிட்டு ‘விசாரணை’ நடத்தியது அரசு வழக்கறிஞர்களே. வேலையை விட்டுவிட்டு மாதக்கணக்கில் நடக்க வேண்டியிருந்தது. ஒரு தேதிக்கு வராமல் போனால் சொத்து போயிற்று. மகன் 40 டாலருக்குப் போதைப்பொருள் விற்றான் என்பதற்காகப் பெற்றோரின் வீட்டைப் பூட்டிய சம்பவமும் அந்த நகரத்தில்தான் நடந்தது. அந்தக் குடும்பமும் மற்றவர்களும் தொடுத்த வழக்கில் 2018இல் நகரம் சமரசத்துக்கு வந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. அந்தப் பெற்றோர் எந்தக் குற்றமும் செய்யவில்லை.

மூன்றாவது வழி, பணம் போலீசுக்குப் போகாமல் தடுப்பது. என் பார்வையில் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. 1984இல் வந்த கூட்டாட்சிச் சட்டம், பறித்ததைத் தனி நிதியில் வைத்துக்கொள்ளவும், உடன் உழைத்த மாநிலப் போலீசுக்குப் பிரித்துக்கொடுக்கவும் வழிசெய்தது. அந்தப் பங்கு 80 சதவீதம் வரை போகலாம். பறிப்பவரின் பட்ஜெட்டே பறிமுதலை நம்பியிருந்தால், எந்தக் காரை நிறுத்துவது என்ற முடிவில் அது குறுக்கிடாமல் இருக்குமா?

வட கரோலினா இதற்குக் கண்கூடான பாடம். அங்கே மாநிலச் சட்டப்படி சிவில் பறிமுதல் ஏறக்குறைய இல்லை. பறிமுதல் பணம் பொதுப் பள்ளிகளுக்கே என்று மாநில அரசியல் சாசனம் சொல்கிறது. ஆனாலும் அந்த மாநிலப் போலீஸ் கூட்டாட்சிப் பங்கீட்டில் தாராளமாகக் கலந்துகொள்கிறது. கூட்டாட்சி வழக்காகக் கொண்டுபோய்விட்டால் மாநிலச் சட்டம் தடுக்காது. பள்ளிக்குப் போக வேண்டிய பணம் போலீசுக்கே திரும்பிவிடும்.

நான்காவது வழி, சிவில் பறிமுதலையே ஒழிப்பது. நியூ மெக்சிகோ 2015இல் இதைச் செய்தது. நெப்ராஸ்கா 2016இலும், மெய்ன் 2021இலும் பின்தொடர்ந்தன. நியூ மெக்சிகோவின் சட்டத்தில் நான் மதிப்பது அதன் முழுமையை: குற்றத் தீர்ப்பு வேண்டும், பணம் மாநிலப் பொது நிதிக்குப் போக வேண்டும், 50,000 டாலருக்கு மேற்பட்டால் ஒழிய சொத்தைக் கூட்டாட்சியிடம் ஒப்படைக்கவும் கூடாது. வட கரோலினா திறந்தே விட்டிருக்கும் வாசலை இது அடைத்தது. அப்படியும் அல்புகெர்க்கி நகரம், சட்டம் தனக்குப் பொருந்தாது என்று சொல்லிக் கார்களைப் பறித்துக்கொண்டே இருந்தது. 2018இல் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் அந்தத் திட்டம் அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். வருமானம் ருசிகண்ட அமைப்பு எளிதில் விட்டுக்கொடுக்காது என்பதற்கு இது போதும்.

போலீஸ் தரப்பின் எதிர்வாதத்தையும் ஒதுக்க முடியாது. கடத்தல் பணத்தைச் சுமந்து வருபவன் ‘இது என்னுடையதல்ல’ என்பான். உண்மை முதலாளி வேறு நாட்டில் இருப்பான், அவனுக்கு எதிராகத் தீர்ப்பு எப்படி வரும்? நியாயமான கேள்வி. உரிமை கோராமல் கைவிடப்பட்ட பணத்துக்கும், தப்பியோடியவர்களின் சொத்துக்கும் குறுகலான விலக்கு எழுதினால் இது தீரும். அதற்காக வழியில் போகும் எல்லோரையும் வலைக்குள் இழுக்க வேண்டியதில்லை.

நீதிமன்றங்களை மட்டும் நம்பி இருக்கவும் முடியாது. 2019இல் இந்தியானா வழக்கில் உச்ச நீதிமன்றம், அளவுக்கு மீறிய அபராதத்துக்கான தடை மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்றது. அந்த வழக்கில் பறிக்கப்பட்ட கார் 42,000 டாலர் பெறுமானமுள்ளது. அந்தக் குற்றத்துக்கான உச்ச அபராதமோ 10,000 டாலர். ஆனால் 2024இல் அதே நீதிமன்றம், வழக்கு முடியும்வரை போலீஸ் காரை வைத்திருக்கலாமா என்று ஆராயத் தனியாக ஒரு முன்விசாரணை தேவையில்லை என்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. பஸ் வசதி இல்லாத ஊரில் கார் இல்லாமல் வேலைக்குப் போவது எப்படி என்பதை அந்தத் தீர்ப்பு தீர்த்துவைக்கவில்லை.

எனவே ஒரு மாநிலச் சட்டமன்றம் ஒன்றை மட்டுமே செய்ய முடியும் என்ற நிலை வந்தால், நான் கேட்பது மூன்றாவது வழியை, அதுவும் கூட்டாட்சிப் பங்கீட்டுக்குப் பூட்டுப் போட்டு. இரண்டைச் செய்யலாம் என்றால் அதோடு சொத்துக்காரருக்கு அரசு செலவில் வழக்கறிஞர். சிவில் பறிமுதலைத் திருத்துவதற்காக அமெரிக்க நாடாளுமன்றத்தில் மீண்டும் மீண்டும் கொண்டுவரப்படும் ‘ஃபேர்’ மசோதா இவை இரண்டையும் தொடுகிறது, ஆனால் குற்றத் தீர்ப்பு வேண்டும் என்று அது கேட்கவில்லை. அந்தக் குறையோடும் அதை ஆதரிப்பேன்.