ஸ்டாக் போட்டோ விற்றுத் தருகிறோம் என்பவர்களிடம் உங்கள் படங்களைக் கொடுத்துவிடாதீர்கள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன். பணம் மட்டும் போயிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் இதில் என் அக்காவின் முகமும் மாட்டிக்கொண்டது. வேலை நேரம் போக மிச்சப் பொழுதில் படம் எடுத்து நாலு காசு பார்க்கலாம் என்று என்னைப் போல நினைப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்தால் போதும்.

மூன்று வருடமாக ஒரு பழைய கேமராவில் படம் எடுக்கிறேன். ஜன்னல் கண்ணாடியில் மழைத்துளி, படிக்கட்டு, மரவேலைக் கருவிகள், தையல் மெஷினில் வேலை செய்யும் கைகள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுப்பேன். இவற்றை ஸ்டாக் போட்டோவாக, அதாவது விளம்பரமோ கட்டுரையோ செய்பவர்கள் உரிமம் வாங்கிப் பயன்படுத்தும் படமாக, ஏஜென்சிகள் எனப்படும் இணையதளங்கள் வழியாக விற்கலாம் என்று தெரிந்ததும் எங்கே தொடங்குவது என்று தேடினேன். இரண்டாவது நாளே அந்த விளம்பரம் வந்தது. போன் கேமரா போதும், மாதம் 500 டாலர், அப்ரூவலுக்கு நாங்கள் பொறுப்பு. வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்த்துக்கொண்டார்கள். தினமும் காலையில் அங்கே வருமான ஸ்கிரீன்ஷாட் வரும். அதற்குக் கீழே பத்து இருபது பேர் நன்றி சொல்லுவார்கள். அவர்களில் எத்தனை பேர் நிஜமான ஆட்கள் என்று இப்போதுதான் யோசிக்கத் தோன்றுகிறது.

பயிற்சிக்கு 60 டாலர். 'கணக்கு நிர்வாகம்' என்று தனியாக 120 டாலர். நடத்தியவர் மிகப் பொறுமையாகப் பேசினார். "ஏஜென்சிகளில் புதியவர்களைச் சுலபமாகச் சேர்க்க மாட்டார்கள். எங்களுக்கு உள்ளே ஆள் இருக்கிறது. நீங்கள் படத்தை மட்டும் அனுப்புங்கள். தலைப்பு, கீவேர்டு, அப்லோடு, வரிப் படிவம் எல்லாம் எங்கள் வேலை" என்றார். கீவேர்டு, அதாவது வாங்குபவர் தேடும்போது படம் கிடைப்பதற்கான வார்த்தைகள், போடுவதுதான் இந்த வேலையிலேயே சலிப்பூட்டும் பகுதி. அதை ஒருவர் செய்து தருகிறேன் என்றதும் எனக்குப் பெரிய நிம்மதி. பணத்தை அனுப்பினேன். அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்பினேன். 340 படங்களையும் முழு அளவில் அனுப்பினேன். கேமரா அப்படியே பதிவு செய்யும் மூலக் கோப்புகளான ரா ஃபைல்களையும் கேட்டார். அளவு பெரிதாக இருந்ததால் அப்புறம் அனுப்புகிறேன் என்று தள்ளிப்போட்டேன். அந்தச் சோம்பல்தான் பின்னால் என்னைக் காப்பாற்றியது.

அவர் சொன்ன முதல் வாக்கியமே பொய். அடோபி ஸ்டாக், ஷட்டர்ஸ்டாக், ஆலமி எதிலுமே படம் விற்பவராகச் சேரக் கட்டணம் கிடையாது. ஒரு மின்னஞ்சல் முகவரி, அடையாளச் சான்று, கொஞ்சம் பொறுமை இருந்தால் நீங்களே சேரலாம். அடோபியிலும் ஷட்டர்ஸ்டாக்கிலும் படம் குறைந்தது 4 மெகாபிக்சல் இருக்க வேண்டும். இன்றைய போன்கள் எடுப்பது அதைவிடப் பெரிய படம்தான். படம் ரிஜெக்ட் ஆனால் காரணமும் கூடவே வரும்: ஃபோகஸ் சரியில்லை, இரைச்சல் (படத்தில் தெரியும் புள்ளிகள்) அதிகம், ஏதோ ஒரு நிறுவனத்தின் லோகோ தெரிகிறது, ஒரே மாதிரிப் படங்கள் பல இருக்கின்றன, இப்படி. லோகோவோ இரைச்சலோ என்றால் திருத்தி மறுபடி அனுப்பலாம். இதில் 'உள்ளே ஆள்' எதற்கு?

மாதம் 500 டாலர் என்பதை நான் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. நீங்கள் போட்டுப் பாருங்கள். ஷட்டர்ஸ்டாக் 2020 ஜூனில் கொண்டுவந்த முறைப்படி விற்பவருக்குக் கிடைப்பது 15 முதல் 40 சதவீதம். ஆறு படிகள். ஒரு வருடத்தில் எத்தனை டவுன்லோடு ஆகிறதோ அதற்கேற்ப மேலே போகலாம். ஆனால் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் எல்லோரும் மறுபடி முதல் படிக்கே வந்துவிட வேண்டும். சந்தா கட்டி வாங்குபவர் ஒருவர் உங்கள் படத்தை எடுத்தால் 10 சென்ட் மட்டுமே வருவதும் உண்டு. அடோபியில் போட்டோவுக்கு 33 சதவீதம், வீடியோவுக்கு 35. சரி, ஒரு டவுன்லோடுக்கு 25 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். 500 டாலர் வர மாதம் 2,000 டவுன்லோடு ஆக வேண்டும். நேற்றுத் தொடங்கியவரின் 340 படங்களுக்கு அது நடக்காது. பல வருடம் உழைத்து, ஆயிரக்கணக்கில் படம் வைத்திருப்பவர்களுக்கு நடக்கலாம். அவர்கள் காலையில் எழுந்து வாட்ஸ்அப் குழுவில் ஸ்கிரீன்ஷாட் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

நான்கு மாதம் ஓடியது. லாகின் விவரம் கேட்டேன். பாதுகாப்புக் காரணத்தால் தர முடியாது என்றார். ஒரு தடவை ஸ்கிரீன்ஷாட் வந்தது: 61 படங்கள் அப்ரூவல், 11 டாலர் 40 சென்ட் வருமானம். குறைந்தபட்சத் தொகை சேர்ந்தால்தான் பணம் வெளியே வரும் என்றார். அது உண்மைதான், அடோபியில்கூட 25 டாலர் சேர வேண்டும். ஒரு பொய்க்குப் பக்கத்தில் ஒரு உண்மையை வைத்துப் பேசினார். அதனால்தான் அவ்வளவு நாள் நம்பினேன்.

ஒருநாள் பொறுமை போய், நானே கணக்கு திறந்து பார்ப்போம் என்று, என் படங்களை ஏற்றியிருப்பதாக அவர் சொன்ன அதே ஏஜென்சியில் பதிவு செய்தேன். அடையாள அட்டையை ஏற்றியதும் நின்றுவிட்டது. இந்த அடையாளத்தில் ஏற்கெனவே ஒரு கணக்கு இருந்தது, விதிமீறலுக்காக அது நிரந்தரமாக மூடப்பட்டது, புதுக் கணக்கு திறக்க முடியாது என்று வந்தது. உதவிப் பிரிவுக்கு எழுதினேன். ஆறு நாள் கழித்துப் பதில் வந்தது. என் பெயரில் இருந்த கணக்கில், இலவசமாகக் கிடைக்கும் தளங்களிலிருந்து எடுத்த அடுத்தவர் படங்கள் ஏற்றப்பட்டிருக்கின்றன. எல்லாப் படத்துக்கும் ஒரே கீவேர்டு பட்டியல். மழைத்துளிக்கும் உளிக்கும் 'வணிகம், வெற்றி, காதல்' என்று போட்டிருக்கிறார்கள். வாங்குபவர் தேடும் வார்த்தைக்கும் படத்துக்கும் சம்பந்தம் இல்லாமல் போனால் ஏஜென்சிகள் அதை மோசடியாகத்தான் பார்க்கும். அதில் தவறே இல்லை. மின்னஞ்சல் முகவரி அவருடையது, பணம் போய்ச் சேரும் கணக்கும் அவருடையது. பெயர் மட்டும் என்னுடையது.

வரிப் படிவம் இதைவிட மோசம். அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும் தனிநபர்கள் அமெரிக்க ஏஜென்சிகளுக்குக் கொடுக்க வேண்டிய டபிள்யூ-8பென் என்ற படிவத்தில், எழுதியது அத்தனையும் உண்மை, பொய்யானால் தண்டனைக்கு உரியது என்ற உறுதிமொழிக்குக் கீழேதான் கையெழுத்து வரும். அதில் என் பெயரை யாரோ கையெழுத்தாகப் போட்டிருக்கிறார்கள். நான் அந்தப் படிவத்தைப் பார்த்ததே இல்லை.

அப்புறம்தான் என் படங்கள் எங்கே போயின என்று தேடினேன். படத்தைக் கொடுத்துத் தேடும் வசதி இணையத் தேடுபொறிகளில் இருக்கிறது. கூகிள் லென்ஸிலும் டின்ஐயிலும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். என் படிக்கட்டு வேறொரு பெயரில் விற்பனையில் இருந்தது. தையல் மெஷின் இன்னொரு பெயரில். மொத்தம் 38 படங்கள், மூன்று வெவ்வேறு பெயர்களில். ராத்திரி இரண்டு மணிவரை தேடினேன். கடைசியாகத்தான் அக்காவின் படம் கண்ணில் பட்டது.

குழந்தையைத் தோளில் போட்டுத் தூங்கவைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடி ஜன்னலோரம் நிற்கும் படம். வீட்டுக்காக எடுத்தது. ஃபோல்டரோடு சேர்ந்து தெரியாமல் போய்விட்டது. அனுப்பிய அன்றே பயிற்சி நடத்தியவருக்கு எழுதினேன், இது விற்பனைக்கு இல்லை, நீக்கிவிடுங்கள் என்று. சரி என்று பதிலும் போட்டார். ஆனால் படம் வணிகப் பயன்பாட்டுக்கு விற்பனையில் இருந்தது.

புதிதாக வருபவர்களுக்கு இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். அடையாளம் தெரிகிற மாதிரி ஒரு மனிதர் படத்தில் இருந்தால், அதை விளம்பரத்துக்கு விற்க அவருடைய எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். மாடல் ரிலீஸ் என்பார்கள். குழந்தை என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையெழுத்து. அது இல்லாவிட்டால் செய்தி, கட்டுரை போன்றவற்றுக்கான எடிட்டோரியல் பிரிவில் மட்டுமே போகலாம், அதுவும் ஏஜென்சி ஒப்புக்கொண்டால். அப்படியானால் அக்கா படத்துக்குச் சம்மதப் படிவம் கொடுத்தது யார்? அக்காவின் பெயரைக்கூட அவர்கள் கேட்டதில்லை. ஏதோ ஒரு பெண்ணின் பெயரை எழுதி, ஏதோ ஒரு கையெழுத்தைப் போட்டு, தாயும் குழந்தையும் சம்மதம் என்று ஏற்றிவிட்டார்கள்.

அக்காவிடம் சொல்லத்தான் வேண்டும், சொன்னேன். அவள் கத்தவில்லை. "உன்னை நம்பித்தானே எடுக்கவிட்டேன்" என்றாள், அவ்வளவுதான்.

மறுநாளே வேலையைத் தொடங்கினேன். 1998இல் வந்த அமெரிக்க டிஜிட்டல் மில்லேனியம் பதிப்புரிமைச் சட்டப்படி, உங்கள் படம் திருடப்பட்டு ஒரு தளத்தில் இருந்தால் நீக்கச் சொல்லி அறிவிப்பு அனுப்பலாம். அதற்கு வக்கீல் கட்டாயம் இல்லை. பெரிய ஏஜென்சிகளின் தளத்தில் இதற்கென்றே ஒரு பக்கமோ மின்னஞ்சலோ இருக்கும். திருட்டுப் படத்தின் சுட்டி, அது உங்களுடையது என்பதற்கான விவரம், உங்கள் முகவரி, நல்லெண்ணத்தோடு சொல்கிறேன் என்ற வாக்கியம், எழுதியது சரி என்ற உறுதிமொழி, கையெழுத்து, இவை வேண்டும். நான் ஒவ்வொரு படத்துக்கும் ரா ஃபைலின் விவரத்தைச் சேர்த்தேன்: எடுத்த தேதி, நேரம், கேமராவின் வரிசை எண், அதே இடத்தில் முன்னும் பின்னும் எடுத்த மற்ற படங்கள். ஜேபெக், அதாவது எல்லோரும் பகிரும் சாதாரணப் படக் கோப்பு, யாரிடம் வேண்டுமானாலும் இருக்கலாம். அதற்கு முன்னும் பின்னும் எடுத்த ரா படங்கள் எடுத்தவரிடம்தான் இருக்கும். தயவுசெய்து ரா ஃபைலை யாருக்கும் கொடுக்காதீர்கள். போனில் எடுப்பவர்கள் மூலப் படத்தை அழிக்காமல் தனியாக வைத்திருங்கள்.

ஒன்பது நாளில் 27 படங்கள் நீக்கப்பட்டன. மீதிக்கு இன்னும் ஒரு மாதம் எழுதிக்கொண்டே இருந்தேன். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். அதே விளம்பரம் வேறு பெயரில் இப்போதும் வருகிறது. சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறேன். அடையாள அட்டைப் படமும் பொய்க் கையெழுத்துகளும் பற்றித் தனியாக எழுதிக் கொடுத்தேன். நீங்களும் இப்படி மாட்டியிருந்தால் பணத்துக்கு மட்டும் புகார் கொடுத்துவிட்டு நிற்காதீர்கள். உங்கள் பெயரில் திறந்த கணக்கு இன்னும் எங்கெங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு ஏஜென்சிக்கும் எழுதிக் கேளுங்கள்.

படம் விற்பதை நான் விடவில்லை. வேறொரு ஏஜென்சியில் நானே கணக்கு திறந்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. 90 படங்கள் அனுப்பி 52 தேறியிருக்கின்றன. கீவேர்டு நானே போடுகிறேன். அடோபியில் 49 வரை போடலாம், ஆனால் முதல் பத்துக்குத்தான் மதிப்பு அதிகம் என்பதால் அவற்றை மட்டும் நேரம் எடுத்து யோசிக்கிறேன். மூன்று மாதத்தில் 7 டாலர் வந்திருக்கிறது. மரவேலைக் கருவிகள்தான் போகின்றன; நான் பெரிதாக நினைத்திருந்த மழைத்துளி ஒன்றுகூடப் போகவில்லை.

அக்கா படத்தை நீக்கியபோது ஏஜென்சி ஒரு விவரம் சொன்னது. அது இரண்டு தடவை விற்றிருக்கிறது. ஏற்கெனவே உரிமம் வாங்கியவர்களிடம் அவர்களே பேசிப் பார்ப்பதாகச் சொன்னார்கள். வாங்கியவர்கள் யார் என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்களாம். வாரத்துக்கு ஒருமுறை அந்தப் படத்தைத் தேடுபொறியில் போட்டுப் பார்க்கிறேன். இதுவரை எதுவும் வரவில்லை. பார்த்துவிட்டு அக்காவுக்கு ஒரு மெசேஜ் அனுப்பிவிடுவேன், இந்த வாரமும் இல்லை என்று.