சாக்கு மூட்டையா, அட்டைப்பெட்டியா: டெல்டாவில் வீடு மாற்றுவோருக்கு

மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூருக்கோ, கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறைக்கோ வீடு மாற்றுகிறவர்கள் சாமான் கட்டுவதற்கு இரண்டு வழிகளைக் கைக்கொள்கிறார்கள். சணல் சாக்கு, வைக்கோல், பழைய வேட்டி என்று கையிலிருப்பதைக் கொண்டு கட்டுவது ஒன்று. அட்டைப்பெட்டி, பபுள் ராப், டேப் என்று கடையில் வாங்கிக் கட்டுவது மற்றொன்று. எந்தப் பொருளை எந்த மாதத்தில் கொண்டுபோகிறோம் என்பதைப் பொறுத்தே இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியும் என்பது என் கருத்து.

பாத்திரங்களுக்குச் சாக்குதான் மேல். நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ பிடிக்கும் சாக்குக்குப் பித்தளை அண்டாவும், திருகிக் கழற்றிய நாச்சியார்கோயில் குத்துவிளக்கும் ஒரு பொருட்டல்ல; மளிகைக்கடையில் வாங்கிவந்த பழைய அட்டைப்பெட்டியோ தூக்கும்போதே அடி விட்டுவிடும். புத்தகங்களைச் சாக்கில் போட்டால் முனை மழுங்கும் என்பதால், அவற்றுக்கு ஐந்தடுக்கு அட்டையில் சிறிய பெட்டிகளே ஏற்றவை.

ஊறுகாய் ஜாடிகளுக்கு வைக்கோல் போன்ற மெத்தை வேறில்லை என்று பெரியவர்கள் சொல்வது சம்பா அறுவடை முடிந்து வெயிலில் காய்ந்த மாசி மாத வைக்கோலுக்குப் பொருந்தும். ஐப்பசி மழையில் அகப்பட்ட குறுவை வைக்கோலை வைத்துக் கட்டினால் பூஞ்சையும் பூச்சியும் கூடவே குடிவரும். பக்கத்தில் இருக்கும் பித்தளையும் களிம்பேறும். அந்த மாதங்களில் பபுள் ராப்புக்குச் செலவழிப்பதே சரி. அடைமழையில் அட்டைப்பெட்டியும் நம்பத்தக்கதன்று. வண்டியில் தார்ப்பாய் போட்டு மூடினாலும், புதுவீட்டின் ஈரத்தரையில் ஓர் இரவு கிடந்தாலே அடிப்பாகம் ஊறிவிடுமாதலால், கீழே பலகை போட்டுத்தான் அடுக்க வேண்டும்.

தஞ்சாவூர் ஓவியத்துக்கு மட்டும் இரண்டு வழிகளும் சேர்ந்தே தேவைப்படுகின்றன. பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் கலந்து புடைப்பு வேலை செய்து, அதன்மேல் தங்க ரேக்கு பதித்த பொருள் அது. ஈரக்காற்றோடு சேர்த்து பபுள் ராப்பில் இறுகச் சுற்றிப் பல நாள் வைத்தால், உள்ளே வியர்த்து, அந்தப் பசையே இளகத் தொடங்கலாம். கண்ணாடியின்மேல் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டி, முதலில் துவைத்துக் காய்ந்த பருத்தி வேட்டியால் சுற்றி, அதற்குமேல் பபுள் ராப்பைத் தளர்வாகப் போட்டு, வண்டியில் படுக்கவைக்காமல் நிறுத்திக் கொண்டுபோய், சேர்ந்த அன்றே பிரித்துவிட வேண்டும். தலையாட்டி பொம்மையைத் தனித்தனிப் பாகங்களாகக் கழற்றிச் சுற்றினால் எந்த வழியும் போதும்.

வீணை விஷயத்தில் இரண்டுமே உதவாது. அதன் 24 மெட்டுகளும் மெழுகில் பதிக்கப்பட்டவை என்பதால், சித்திரை வெயிலில் தார்ப்பாய்க்கடியில் புழுங்கினால் மெழுகு இளகி மெட்டுகள் இடம் பெயரும். அதை உறையில் போட்டு, விடியற்காலை ரயிலில் யாராவது மடியில் வைத்துக் கொண்டுபோவதே நல்லது.