குழாய்க்கிணறா, மழைத்தாங்கியா?

வீட்டுக்கு மேல்மாடி எடுத்ததில் இரண்டு குளியலறை கூடிவிட்டது. கனடாவிலிருந்து வந்திருந்த மச்சான், "ஒரு குழாய்க்கிணறு அடிச்சு விடுங்கோ, பிறகு யோசனையில்லை" என்றார். நான் அடிக்கவில்லை. பழைய கிணற்றை வைத்துக்கொண்டு 10,000 லீற்றர் மழைத்தாங்கி ஒன்று கட்டினேன்.

குழாய்க்கிணறு வேலை கெதியாய் முடியும், இடமும் அடைக்காது. தாங்கி வளவில் ஒரு மூலையைத் தின்றுவிடும். அதெல்லாம் சரி.

என்னை மறித்தது சவர், அதாவது உப்புத்தண்ணிதான். எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மாரியில் பெய்வது சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். கணக்கு மறுபக்கமும் அப்படியே. இறைத்து இறைத்து மேல்மட்டம் 1 அடி இறங்கிப்போனால், அடியிலிருந்து சவர் காலப்போக்கில் 40 அடி ஏறப் பார்க்கும். ஆழமாக அடித்த குழாய்தான் அதை முதலில் தொடும். துலா மிதித்துக் கிணற்றில் இறைத்த காலத்தில் உடம்பு களைத்ததும் இறைப்பு நின்றது, மோட்டருக்குக் களைப்பில்லை. ஒரு வீட்டுக்கு மட்டுமென்றால் நானும் அடித்திருப்பேன். மச்சானின் வசதி ஒழுங்கை முழுக்க வந்தால்? எல்லாருக்கும் வந்தால் தாங்குமா என்று உலகத்துக்கே கேட்கிற கேள்வி, இங்கே கிணற்றடியில் நிற்கிறது.

2024இல் திறந்த தாழையடிக் கடல்நீர்த் திட்டம் நாளுக்கு 24,000 கனமீற்றர் நன்னீர் எடுக்கக் கட்டியது. நல்ல காரியம்தான், ஆனால் உப்பைப் பிரிக்க நிறைய மின்சாரம் வேண்டும்.

தாங்கிக் கணக்கு எளிது: 100 சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 1,000 லீற்றர். குடிக்க, சமைக்க நாலு பேருக்கு நாளுக்கு 40 லீற்றர் என்றால் நிரம்பிய தாங்கி 250 நாள் ஓடும். குளிக்க, கழுவ இன்னும் கிணறுதான். அதிகம் இறைக்காமலிருக்க, மேல்மாடியில் குளிக்க வாளியும் கோப்பையும் வைத்திருக்கிறோம். பிள்ளைகளுக்கு அது பிடிக்கவில்லை.

பராமரிப்பில் தாங்கிதான் கரைச்சல். ஐப்பசிக்கு முன் கூரைப் பீலியிலுள்ள மாவிலையை வழிக்க வேணும், முதல் மழையை வெளியே விட வேணும், நுளம்பு வலை கிழியாமல் பார்க்க வேணும். நான் கண்டது இரண்டு மாரிதான், இரண்டும் நல்ல மழை. மழை பொய்த்த வருசத்தில் தண்ணீர் கொண்டுவரும் பவுசரைக் கூப்பிடவேண்டி வந்தாலும் வரும்.