மார்க் 2 லென்ஸை விற்கப் போய்த் திரும்பிய பிறகு

கல்யாணப் படம் எடுக்க ஆரம்பித்திருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார்: "அண்ணே, கேனான் 70-200 ஜூம் லென்ஸ் வாங்கலாம் என்று இருக்கிறேன். மார்க் 2 போதுமா, மார்க் 3தான் வேண்டுமா? மூன்று வருஷம் கழித்து விற்றால் எதற்குக் காசு நிற்கும்?" என்னுடைய மார்க் 2ஐ விற்கப் போய், விற்காமல் கோபத்தோடு திரும்பி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அதனால் பதில் கொஞ்சம் நீளம்.

என்னிடம் இருப்பது கேனான் இஎஃப் 70-200 எஃப்/2.8 எல் ஐஎஸ் மார்க் 2. ஐஎஸ் என்றால் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசர், மார்க் 2 என்றால் இரண்டாம் பதிப்பு. 2014 கடைசியில், இங்கே மொரீஷியஸில், 15 சதவீத வாட் வரியோடு 88,000 மொரீஷியஸ் ரூபாய். கத்ர் போர்னில் கோர் தெ கார்ட் மலைக் கோயில் தைப்பூசத்துக்கு வருஷா வருஷம் இதைத்தான் தூக்கிக்கொண்டு போகிறேன். அலகு குத்திய முகம், தோளில் காவடி, பின்னால் ஆயிரம் பேர். லென்ஸின் துவாரத்தை முழுக்க, 2.8இல் திறந்து எடுத்தால் அந்தக் கூட்டம் வெறும் நிறமாகக் கரைந்து முகம் மட்டும் நிற்கும். இத்தனை வருஷத்தில் அந்தச் சந்தோஷம் ஒருமுறைகூடக் குறையவில்லை.

வாங்குவதாக இருந்தவரும் எடுத்துப் பார்த்தார். படம் பிரமாதம் என்றார். அப்புறம் குழலில் இருந்த எண்ணைப் பார்த்தார். "மார்க் 3 வந்துவிட்டதே, 30,000 தருகிறேன்." நான் கேட்டது 40,000.

எரிச்சல் இங்கேதான். 2001இல் வந்த முதல் ஐஎஸ் பதிப்பிலிருந்து 2010இன் மார்க் 2க்கு வந்தபோது உள்ளே உண்மையாகவே மாறியது: நிறப் பிசிறைக் குறைக்கும் ஃப்ளோரைட் வில்லை சேர்ந்தது, 1.4 மீட்டராக இருந்த மிகக் குறைந்த ஃபோகஸ் தூரம் 1.2 ஆனது. 2018இல் வந்த மார்க் 3இல் அப்படி எதுவும் இல்லை. இரண்டிலும் அதே 19 தொகுதி, அதே 23 கண்ணாடி. மாறியது மேல்பூச்சும் வெளி வண்ணமும்தான். அதே வருஷம், 70-200இலேயே எடை குறைந்த எஃப்/4 ஐஎஸ் லென்ஸின் இரண்டாம் பதிப்பும் வந்தது. அதில் ஸ்டெபிலைசரின் பலம் 4 ஸ்டாப்பிலிருந்து (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு மெதுவான ஷட்டர்) 5 ஆனது, ஃபோகஸ் தூரம் 1 மீட்டருக்கு இறங்கியது. எண் ஏறுவதற்கு ஒவ்வொரு லென்ஸிலும் ஒவ்வொரு அர்த்தம். அதைப் பார்க்காமல் 10,000 ரூபாயைக் குறைத்துக் கேட்டால் கோபம் வராதா?

சரி, பூச்சு ஒன்றும் இல்லாத விஷயம் என்று சொல்ல மாட்டேன். ஒரு தைப்பூசத்துக்கு நண்பரின் மார்க் 3ஐ வாங்கிப் போனேன். வெயிலை எதிரே வைத்துக் காவடியை எடுக்கும்போது கறுப்பு வெளிறிப்போவது அதில் குறைவு. முன்கண்ணாடியில் ஃப்ளோரின் பூச்சும் உண்டு. பால்செம்பிலிருந்து தெறித்த துளியைத் துணியால் ஒரு தடவை துடைத்ததும் போய்விட்டது. என்னுடையதில் 77 மி.மீ. ஃபில்டர் போட்டுச் சமாளிக்கிறேன்.

விலையைக் குறைக்க நியாயமான காரணம் ஒன்றே ஒன்று, பூஞ்சை. நம் ஊர் ஈரத்துக்கு, அதுவும் க்யூர்பிப், வாக்வா பக்கம், தோல் பைக்குள் வைத்து அலமாரியில் பூட்டினால் உள்ளே வெள்ளை நூல் ஓடிவிடும். எனக்கும் ஒருமுறை ஓடி, பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டி வந்தது. அதன் பிறகு ஈரம் உறிஞ்சும் பெட்டியை விட்டு வெளியே வைப்பதில்லை. பழையது எதை வாங்கினாலும் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். எண்ணை அப்புறம் பார்க்கலாம்.

காசுக் கணக்கு இது. இரண்டுக்கும் நடுவே 35,000க்கு விற்றால் நஷ்டம் 53,000. பத்து வருஷத்துக்குப் பிரித்தால் மாதம் 440 ரூபாய். ஒரு கல்யாணத்திலேயே அதைப்போலப் பல மடங்கு வரும். ஆனால் நான் வாங்கியபோது டாலர் 31 ரூபாய்க்குப் பக்கம், இன்று 45க்கு மேல். டாலரில் பார்த்தால் 2,800 கொடுத்தது 800கூடத் தேறவில்லை. விற்ற காசில் அடுத்த லென்ஸ் வாங்க நினைக்கிறவர்கள் இந்த இரண்டாவது கணக்கைத்தான் போட வேண்டும். கேனானின் புதிய ஆர்எஃப் மவுண்டுக்கு, அதாவது லென்ஸைக் கேமராவில் பூட்டும் புதிய வாய்க்கு, எல்லாரும் மாறிக்கொண்டிருக்கிறார்கள். அடாப்டர் போட்டால் பழைய இஎஃப் லென்ஸ் அதில் நன்றாகவே ஓடும், இருந்தாலும் இஎஃப் விலை இனி ஏறப்போவதில்லை.

ஆகக் கணக்குப்படி, பூஞ்சை இல்லாத பழைய மார்க் 2தான் சரி. ஆனால் தம்பி, நீங்கள் மார்க் 3ஏ வாங்குங்கள். மூன்று வருஷத்தில் விற்பேன் என்று நீங்களே சொல்கிறீர்கள். அன்று வருகிறவரும் எண்ணைத்தான் பார்ப்பார். அதிகம் கொடுத்ததில் பாதிக்கு மேல் திரும்பி வரும், அந்தப் பேச்சையும் கேட்க வேண்டியதில்லை. என்னுடையதை நான் விற்கவில்லை, 40,000 தந்தாலும் இனி இல்லை.

வாங்குவதற்கு முன் ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வாருங்கள். இதைக் கேமராவில் மாட்டித் தருகிறேன், ஒரு கல்யாணம் முழுக்கத் தூக்கிப் பாருங்கள். லென்ஸ் மட்டும் 1,490 கிராம். சாயங்காலம் மணிக்கட்டு வலித்தால் எஃப்/4 பற்றிப் பேசுவோம்.