இரண்டு புரட்டாசி கண்ட தகரப் பூவாளி

பரந்தனில் எங்களுக்குக் கால் ஏக்கர் வளவு, ஒரு கட்டுக்கிணறு. மிளகாய், கத்தரி, பயிற்றை, வெண்டி என்று நடுகிறேன். வளர்ந்த கன்றுகளுக்குக் குழாய்த் தண்ணீர் போதும். நாற்றுமேடைக்குத்தான் பூவாளி வேண்டும். சும்மா வாளியால் ஊற்றினால் மிளகாய் விதை மண்ணோடு அள்ளுண்டு மேடை ஓரத்தில் போய்க் கிடக்கும்.

முதலில் வாங்கிய இரண்டும் பிளாஸ்டிக். கிணற்றடி வெயிலில் கிடந்து, இரண்டாம் வருடம் பிடி கையோடு வந்துவிட்டது. பிறகு பச்சைப் பெயின்ற் அடித்த தகரப் பூவாளி ஒன்று. பார்க்க நல்ல வடிவு. ஆறு மாதத்தில் அடியில் பெயின்ற் உரிந்து, கறள் பிடித்து, ஓட்டை விழுந்தது. அந்தக் காசை நினைத்தால் இன்றைக்கும் மனம் நோகும்.

இப்போது இருப்பது கல்வனைஸ் தகரத்தில் செய்தது, ஒன்பது லீற்றர். கிளிநொச்சியில் தகரவேலை செய்யும் அண்ணை ஒருவரிடம் வாங்கினேன். இரும்புத் தகரத்துக்கு மேல் துத்தநாகம் பூசியிருப்பதால், சின்னக் கீறல் விழுந்தாலும் முதலில் துத்தநாகம்தான் கரையும், இரும்பு தப்பும். பெயின்றுக்கு அந்தக் குணம் இல்லை.

வாங்கும்போது மினுக்கத்தைப் பார்க்காதீர்கள், பொருத்துகளைப் பாருங்கள். பூவாளியைச் சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்து வாய்க்குள் பார்த்தேன். மூக்குக் குழாய் உடம்போடு சேரும் இடத்தில் ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தது. காட்டியதும் அண்ணை முகம் சுளிக்கவில்லை. "கொண்டாங்கோ தங்கச்சி" என்று வாங்கி, அந்த இடத்தில் ஈயம் வைத்துத் தந்தார். அடித்தகடு விளிம்பை விட அரை விரல் உயர்ந்து இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அப்படி இருந்தால்தான் ஈர மண்ணில் வைத்தாலும் அடி காயும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது மூக்கு நுனியில் இருக்கும், துளை போட்ட பூதான். பித்தளை, கழற்றலாம். துளைகளை மேல்நோக்கித் திருப்பி ஊற்றினால் தண்ணீர் மேலே எழும்பி, மழைத் தூறல் போல மெல்ல விழுகிறது. இரண்டு புரட்டாசி மேடைகளிலும் விதை அசையவில்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்தலில் வெள்ளைப் படை கட்டும் தண்ணீர், துளைகளும் அடைபடும். மாதம் ஒருமுறை பூவை மட்டும் கழற்றிப் புளித்தண்ணீரில் ஊறவைத்துத் தேய்க்கிறேன். உடம்பில் புளி படவே கூடாது, துத்தநாகத்தை அரித்துவிடும். பசளை கரைத்தால் அன்றைக்கே கழுவிக் கவிழ்த்து வையுங்கள். பூஞ்சண நோய்க்கு அடிக்கும் போர்டோக் கலவையை இதற்குள் ஊற்றவே வேண்டாம். அதிலுள்ள செம்பு தகரத்தைத் தின்றுவிடும், அதற்குப் பழைய பிளாஸ்டிக் வாளியே போதும்.

குறை என்றால் பாரம். நிரப்பினால் தண்ணீரே ஒன்பது கிலோ, தகரத்தின் பாரம் வேறு. பிடியும் மெல்லிய கம்பி, நாலாவது நடையில் விரலை அறுக்கும். பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றியிருக்கிறேன், இப்போது பரவாயில்லை. ஆனால் அம்மாவால் தூக்க முடியவில்லை. பின்னேரம் மேடைக்குத் தண்ணீர் விடுவது அவவின் வேலை, அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டா. அதனால் ஐந்து லீற்றரில் ஒன்று, தடித்த பிடியோடு செய்து தரச் சொல்லி அதே அண்ணையிடம் போன கிழமை முற்பணம் கொடுத்துவிட்டு வந்தேன்.