கண்மாய்க் கரைக்கு மெர்லின் போதுமா? இரண்டு ஆப், ஒரு நோட்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பறவையின் பெயரைக் கண்டுபிடித்துச் சொல்லும் மெர்லின் ஆப் இலவசம், விளம்பரத் தொல்லை கிடையாது, போனில் இடம் இருந்தால் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், நட்டமில்லை. ஆனால் "இயற்கையைக் கவனிக்கப் பழகணும், எந்த ஆப் நல்லது" என்று கேட்கிறவர்களுக்கு வெறும் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போக மனசு வரவில்லை. அதை எப்போது திறக்கிறீர்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கரையில் போய் உட்கார்ந்ததும் திறந்தால் கிடைப்பது ஒன்று, அரை மணி நேரம் கழித்துத் திறந்தால் கிடைப்பது வேறு. நான் பயன்படுத்தியது எல்லாம் மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்களிலும் கரட்டு மேடுகளிலும்தான், அதனால் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்குள் எப்படி வேலை செய்யும் என்ற கேள்விக்கு இதில் பதில் இருக்காது.

தெரியாதவர்களுக்காக: மெர்லின் என்பது அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்காவில் இருக்கும் கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் தயாரிப்பு. 2014-ல் வந்தது. ஆரம்பத்தில் எந்த இடம், என்றைக்கு, எவ்வளவு பெரிய பறவை, என்ன நிறம், என்ன செய்துகொண்டிருந்தது என்று சில கேள்விகள் கேட்டு ஒரு பட்டியல் தரும், அவ்வளவுதான். அப்புறம் போட்டோவைப் பார்த்துச் சொல்லும் வசதி வந்தது. 2021-ல் குரலைக் கேட்டே பெயர் சொல்லும் 'சவுண்ட் ஐடி' வந்த பிறகுதான் ஆளாளுக்கு போனை மரத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடிக்க ஆரம்பித்தார்கள். குரலை அது படமாக மாற்றிக்கொள்கிறது, திரையில் மேலும் கீழுமாகக் கோடுகள் ஓடுமே, அதுதான். அந்தப் படத்தில் உள்ள வடிவத்தை ஏற்கெனவே கற்றுவைத்த வடிவங்களோடு ஒப்பிட்டுப் பெயரைக் காட்டுகிறது. நம் பகுதிக்கான தொகுப்பை வீட்டு வைஃபையிலேயே இறக்கிவிட்டால் போதும், சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். இது பெரிய சௌகரியம், கண்மாய் உள்வாய்க்குள் எங்கே சிக்னல்?

இனி நல்லதைச் சொல்கிறேன். காலை ஆறரை மணிக்குக் கருவேலங்காட்டு ஓரத்தில் ஒரே நேரத்தில் ஏழெட்டுக் குரல் கேட்கும்போது, எது எது என்று பிரிக்கவே தெரியாமல் இருக்கிற புது ஆளுக்கு இது பெரிய உதவி. தையல்சிட்டு கத்தும்போதெல்லாம் அந்தப் பெயர் மட்டும் மஞ்சளில் மின்னும், மைனா கத்தினால் அது மின்னும். பத்து நிமிஷத்தில் காது தானாகவே இரண்டையும் பிரிக்கத் தொடங்கிவிடும். சின்ன உடம்பை வைத்துக்கொண்டு அவ்வளவு சத்தம் போடுவது தையல்சிட்டுதான் என்று தெரிந்துகொள்ள எனக்கு இதைவிடச் சுலபமான வழி கிடைக்கவில்லை. பதிவு போனிலேயே இருக்கும், வீட்டுக்கு வந்து திரும்பக் கேட்கலாம்.

சரி, இதன் எல்லை எங்கே இருக்கிறது?

மெர்லின் யார் பேசுவது என்று சொல்லும், என்ன பேசுகிறது என்று சொல்லாது. ஆள்காட்டிக் குருவி இரை தேடும்போது போடும் சத்தத்துக்கும், நாய் கரையேறி வரும்போது போடும் சத்தத்துக்கும் அது காட்டுவது ஒரே பெயர்தான். ஆனால் நீங்கள் கரையில் உட்கார்ந்திருப்பதே அந்த வித்தியாசத்துக்காகத்தானே. தவிட்டுக்குருவிக் கூட்டம் எப்போதும் கசகசவென்று பேசிக்கொண்டே இருக்கும், அது சும்மா பேச்சு. அதே கூட்டம் ஒரு புதரைச் சுற்றி வட்டம் போட்டு, எல்லாம் ஒரே பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டு கத்தினால் கீழே பாம்போ கீரியோ இருக்கிறது என்று அர்த்தம். அணில் ஒரே தாளத்தில் விடாமல் கத்துவதும் இப்படித்தான், பாட்டிமார்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, "பூனை வந்திருக்கு போல, போய்ப் பாரு" என்பார்கள். இது பெயர் தெரிந்தால் வருவது இல்லை. யார் எங்கே எந்தப் பக்கம் பார்த்துக் கத்தினார்கள், கத்தியதும் மற்றவை பறந்தனவா, அப்படியே உறைந்தனவா என்று பார்த்துப் பார்த்துத்தான் வரும்.

கரிச்சானை எடுத்துக்கொள்ளுங்கள், ரெட்டைவால் குருவி என்கிறோமே அதே ஆள். வைரி என்ற சின்ன வேட்டைப் பறவையின் குரலை அப்படியே எடுத்துக் கத்தும், மைனாக்கள் பயந்து பறக்கும், அவை விட்டுப்போன புழுவை இது வந்து தின்னும். பறவையியல் நூல்களில் பதிவான விஷயம்தான் இது. சவுண்ட் ஐடிக்குக் காது மட்டும்தான் இருக்கிறது. மைனாக்களையே ஏமாற்றுகிற குரல் போனை ஏமாற்றாது என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அதனால் திரையில் வைரி என்று வந்தால் உடனே பட்டியலில் சேர்க்காமல், மின்கம்பியில் கரிச்சான் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கார்னெல் ஆட்களே இதைத்தான் சொல்கிறார்கள்: சவுண்ட் ஐடி தருவது யோசனை, அதைக் கண்ணாலோ காதாலோ நீங்கள் உறுதி செய்த பிறகுதான் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று, ஆப்புக்குள் ஒவ்வொரு பறவையின் குரலும் மாதிரிக்கு இருக்கிறது. அதை வெளியில் சத்தமாகப் போட்டுப் பறவையை வரவழைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. போட்டிக்கு இன்னொரு ஆண் வந்துவிட்டது என்று நினைத்து அது தீனியையும் கூட்டையும் விட்டுவிட்டு வந்து அலைகிறது, உங்களுக்கு ஒரு போட்டோ. கேட்க வேண்டும் என்றால் வீட்டில் கேளுங்கள், இல்லை ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். மார்கழி மாதம் என்றால் அந்தக் கவலையும் இல்லை, கோயில் ஒலிபெருக்கி போடுகிற போட்டில் திரை முழுக்க ஒரே கறுப்பாக ஓடிக்கொண்டிருக்கும், பிள்ளையாரைத் தவிர வேறு யாரும் கேட்க மாட்டார்கள்.

அதனால் நான் பரிந்துரைக்கும் முறை இது. ஒரே இடத்தைத் தேர்ந்தெடுங்கள், வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருப்பது நல்லது, தூரமாக இருந்தால் போக மாட்டீர்கள். மொட்டை மாடியானாலும் சரி. போனை அமைதியில் போட்டுப் பையில் வையுங்கள். நீங்கள் வந்து உட்கார்ந்ததே அந்த இடத்துக்கு ஒரு கலவரம், அது அடங்க கால் மணி நேரம், இருபது நிமிஷம் ஆகும், அதற்குள் எழுந்து போகிறவர்கள் பார்ப்பது எல்லாம் தங்களைப் பார்த்து ஓடுகிற பறவைகளைத்தான். அடங்கிய பிறகு நோட்டை எடுங்கள். கேட்கிற குரல்களுக்கு நீங்களே பெயர் வைத்து எழுதுங்கள், தெரியாததற்கு "தகரத்தில் ஆணி இழுக்கிற சத்தம், தென்மேற்கு, வேப்பமரம்" என்றே எழுதுங்கள். அதற்கப்புறம் மெர்லினைத் திறங்கள். இப்போது அது உங்கள் விடையைத் திருத்துகிற வாத்தியார், விடையைச் சொல்லிக்கொடுத்துவிடுகிற பக்கத்து பெஞ்சுக்காரன் இல்லை.

நோட்டைப் பற்றி. 'நேச்சர் ஜர்னல்' என்று தோல் அட்டை போட்டு ஆயிரம் ரூபாய்க்கும் மேல் விற்கிறார்கள், வாங்காதீர்கள், அதன் அழகைப் பார்த்துப் பயந்து ஒரு வரி எழுத மாட்டீர்கள். தெருமுனைக் கடையில் கிடைக்கிற கோடு போடாத 40 ரூபாய் நோட்டு, கெட்டி அட்டை, கால்சட்டைப் பையில் நுழைகிற அளவு, போதும். பேனா வேண்டாம், பென்சில். பனி ஈரத்திலும் கை வியர்வையிலும் மை கலைந்துவிடும், பென்சில் நிற்கும். நாள், நேரம், காற்று எந்தப் பக்கம், வானம் எப்படி, தண்ணீர் எந்தக் கல் வரை நிற்கிறது, இவ்வளவும் மேலே. படம் வரையத் தெரியாது என்று சொல்லாதீர்கள், வரைவது மற்றவருக்குக் காட்ட இல்லை. கரையோரச் சேற்றில் மேயும் உள்ளானை வரைய உட்கார்ந்தால்தான் அதன் அலகு தலையைவிட நீளமா குட்டையா, கால் மஞ்சளா பச்சையா என்று பார்க்கவே தோன்றும். பார்த்ததாக நினைத்தது பாதி பார்க்காதது என்று காகிதம் சொல்லிவிடும். போட்டோ எடுத்தால் இந்தக் கேள்வி எதுவும் வராது, எடுத்தோம், முடிந்தது.

மெர்லினில் இல்லவே இல்லாத இன்னொரு பாதி, தடம். கண்மாய் வற்றத் தொடங்கும் மாசி பங்குனியில் விளிம்புச் சேறு பாதி காய்ந்து நிற்கும், இரவில் யார் வந்து போனார்கள் என்பது அதில் பதிந்து கிடக்கும். இதற்கு ஐநேச்சுரலிஸ்ட் என்ற இரண்டாவது ஆப் பயன்படுகிறது. 2008-ல் கலிபோர்னியாவில் பெர்க்லி மாணவர்களின் முதுகலைப் பட்டப் பணியாகத் தொடங்கியது, இதுவும் இலவசம். உயிரினத்தையே பார்க்க வேண்டும் என்று இல்லை, கால்தடம், எச்சம், இறகு, முள்ளம்பன்றி முள், எதையும் போட்டோ எடுத்து ஏற்றலாம். மற்றவர்கள் பார்த்துப் பெயர் சொல்வார்கள், சொல்கிறவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால்தான் ஆய்வுக்கு உகந்தது என்று தரம் ஏறும். தும்பி, பட்டாம்பூச்சி, செடி என்றால் கணினியே சட்டென்று நெருக்கமான பெயரைச் சொல்லிவிடுகிறது. சேற்றுத் தடத்தில் அதை நம்பி உட்கார முடியாது, மனிதக் கண் வேண்டும். அதற்கு உதவியாகப் படம் எடுக்கத் தெரிய வேண்டும்: நேர் மேலிருந்து ஒன்று, பக்கத்தில் அளவுக்கு ஒரு நாணயமோ தீப்பெட்டியோ, அப்புறம் தொடர்ந்து போகும் வரிசை தெரிகிற மாதிரி இன்னொன்று. உச்சி வெயிலில் எடுத்தால் தடம் தட்டையாகத் தெரியும், காலையிலோ மாலையிலோ சாய்ந்த வெளிச்சத்தில் விளிம்பு நிழல் விழுந்து எழுந்து நிற்கும்.

அடிப்படை கொஞ்சம்தான். நாய் வகைக்கு நான்கு விரல், நகம் பதியும். பூனை வகைக்கு நான்கு விரல், நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடப்பதால் பதியாது. கீரிக்கு ஐந்து விரல், ஐந்தாவது பல நேரம் சரியாக விழாது. உடும்பு என்றால் இரண்டு பக்கக் கால்களுக்கு நடுவே வால் இழுத்த கோடு. கொக்குக்குப் பின்விரல் நீளம், ஆள்காட்டிக்கு அது பதிவதே அபூர்வம். தடத்துக்கு மேல் மழைப்புள்ளி இருந்தால் மழைக்கு முந்தியது, மழைப்புள்ளியை மிதித்திருந்தால் பிந்தியது. நாயா நரியா என்பதுதான் தலைவலி. ஒரு நாள் ஒரு தடத்தைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் வந்து நின்றார். "என்ன தம்பி, போனையே பார்த்துக்கிட்டு இருக்கீக, அது எந்தப் பக்கம் போயிருக்குன்னு பார்த்தீகளா" என்றார். "நாய்னா மோந்து மோந்து கோணல்மாணலாப் போகும், இது பாருங்க, கயித்தைப் பிடிச்ச மாதிரி நேராப் போயிருக்கு, நரிய்யா." ஒற்றைத் தடத்தை வைத்துக்கொண்டு விரலை எண்ணுவதைவிட ஐம்பதடி தொடர்ந்து நடப்பது மேல், இந்த வசதி எந்த ஆப்பிலும் இல்லை.

ஈபேர்ட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2002-ல் இருந்து நடக்கிற, அதே கார்னெல் ஆய்வகத்தின் பதிவேடு. எங்கே, எத்தனை நிமிஷம், எத்தனை பறவை என்று பட்டியல் போடுவது. பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பறவைக் கணக்கெடுப்பு இதில்தான் நடக்கிறது, கால் மணி நேரம் உட்கார்ந்து எண்ணினால் நீங்களும் சேர்ந்துவிட்டீர்கள். கவனிப்பு மெதுவாகப் பிடிபட்ட பிறகு தொடங்கலாம், முதலிலேயே தொடங்கினால் எண்ணிக்கை ஏற்றுகிற பந்தயமாகிவிடும். ஆனால் பட்டியலுக்கு மதிப்பில்லை என்று சொல்லவில்லை. மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானபோது சுமார் 250 வகைப் பறவைகள் அங்கே உண்டு என்று அரசே சொன்னது. யாரோ குன்றடியில் உட்கார்ந்து எழுதிவைத்ததால்தான் சொல்ல முடிந்தது.

ஒரு எச்சரிக்கை மட்டும் கட்டாயம். ஐநேச்சுரலிஸ்டில் ஏற்றினால் இடமும் சேர்ந்து ஏறும். அழிவின் விளிம்பில் உள்ளவை என்று பட்டியலில் இருக்கும் இனங்களுக்குச் சரியான இடத்தை அதுவே மறைத்து, சுமார் 20 கிலோமீட்டர் சதுரத்துக்குள் எங்கோ என்று மட்டும் காட்டும். முயல், உடும்பு, கௌதாரிக்கு அதை நம்பாமல் நீங்களே இடத்தை மறைக்கும்படி மாற்றிவிடுங்கள், இரண்டு தட்டுதான். கண்ணி வைக்கிறவர்களிடமும் போன் இருக்கிறது.

மதிப்பெண் கேட்பீர்கள். மெர்லின் ஐந்துக்கு நான்கு, நோட்டுக்குப் பிறகு திறந்தால். ஐநேச்சுரலிஸ்ட் செடி பூச்சிக்கு நாலரை, தடத்துக்கு மூன்று. நோட்டுக்கு ஐந்து. அடுத்து பைனாகுலர் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: ஒரு பருவம் போகட்டும், அதற்கப்புறமும் போய் உட்கார்ந்துகொண்டிருந்தால் 8×42 வாங்குங்கள், அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம். பத்து மடங்கு, பன்னிரண்டு மடங்கு என்று கடைக்காரர் ஆசை காட்டினால் தலையாட்டாதீர்கள், கை நடுக்கமும் அதே மடங்கில்தான் பெரிதாகும்.