கருப்பட்டிக் கடையின் தளமும் கொஞ்சம் சிஎஸ்எஸ்ஸும்: சில வருஷ அனுபவம்

இணையதளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸில் கடைத் தளம் வைத்திருப்பவர்களுக்கு 'கூடுதல் சிஎஸ்எஸ்' பெட்டி தெரிந்திருக்கும். பக்கத்தின் நிறம், எழுத்தளவு, இடைவெளி போன்ற தோற்றத்தைச் சொல்லும் மொழிதான் சிஎஸ்எஸ். 2016 டிசம்பரில் வந்த 4.7 பதிப்பிலிருந்து இருக்கிறது. தீமின் (தளத்தின் ஆயத்தத் தோற்ற அமைப்பு) கோப்பு எதையும் தொடாமல் நாலு வரி எழுதி, மாற்றத்தைப் பக்கத்திலேயே பார்த்து, பிடித்தால் வெளியிடலாம். உடன்குடிப் பக்கம் மாமா நடத்தும் கருப்பட்டிக் கடையின் தளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வூகாமர்ஸ் (வேர்ட்பிரஸில் கடை நடத்த உதவும் ப்ளகின், அதாவது கூடுதலாகச் சேர்க்கும் செயலி), ஓர் இலவச தீம், அந்தப் பெட்டி, அவ்வளவுதான் சரக்கு. மாதாமாதம் டெவலப்பருக்குக் கொடுக்கும் அளவுக்கு வியாபாரம் இல்லை. சில வருஷம் இப்படி ஓட்டியதில் எழுதிய வரிகளில் எவை தாக்குப்பிடித்தன, எவை அப்டேட் வரும்போதெல்லாம் உதிர்ந்தன என்பது நன்றாகத் தெரிந்துவிட்டது.

எல்லோரும் முதலில் கேட்பது நிறம். மாமாவும் அதைத்தான் கேட்டார்: "தளம் கருப்பட்டி நிறத்துலயே இருக்கணும் மருமவனே." கரும்பழுப்பில் வெள்ளை எழுத்து பளிச்சென்று நிற்கும், அதில் சிக்கல் இல்லை. வெளிர்மஞ்சள் பின்னணியில் பனங்கற்கண்டு நிறத்தில் விலையைப் போட்டால்தான் வம்பு. வெயிலில் நின்று போன் பார்ப்பவருக்கு விலை கண்ணுக்கே படாது. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 நிற வேறுபாடு வேண்டும் என்பது எல்லோரும் பயன்படுத்தும்படி தளம் அமைப்பதற்கான வழிகாட்டியான டபிள்யூசிஏஜி சொல்லும் அளவு. குரோமில் அந்த எழுத்தை இன்ஸ்பெக்ட் செய்து நிறக்கட்டத்தைச் சொடுக்கினால் விகிதம் எவ்வளவு என்று காட்டிவிடும். நிறங்களை மேலே வேரியபிள்களாக (ஒரு பெயர் வைத்து ஒரே இடத்தில்) எழுதிவைத்தால் கிறிஸ்துமஸ், தீபாவளிக்கு இரண்டு வரியை மாற்றினால் போதும். நிறத்தைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றுமில்லை. சிஎஸ்எஸ் பழக நினைப்பவர்கள் பெரும்பாலும் இங்கேயேதான் நேரத்தைச் செலவழிக்கிறார்கள்.

தமிழ்த் தளத்துக்கு சிஎஸ்எஸ் நிஜமாகவே கைகொடுப்பது எழுத்துக்கு இடம் விடுவதில். சந்தையில் கிடைக்கும் தீம்களில் பெரும்பாலானவை ஆங்கில எழுத்தை மனதில் வைத்துச் செய்தவை. தலைப்புகளின் லைன்-ஹைட்டை (வரி உயரத்தை) 1.1, 1.2 என்று இறுக்கிவைத்திருப்பார்கள். ஆங்கிலத்துக்கு அது கச்சிதம். தமிழில் மேல்வரியின் 'ழு'வும் 'கூ'வும் கீழே இறங்கும், அடுத்த வரியின் மேல்விலங்கும் சுழியும் மேலே ஏறும், இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பத்தி எழுத்துக்கு 1.7, தலைப்புக்கு 1.4 என்று வைத்தேன். பிக்ஸல் அளவு போடாமல் வெறும் எண்ணாகக் கொடுப்பது நல்லது. எழுத்து பெரிதானால் இடைவெளியும் கூடவே பெரிதாகும். நான் எழுதியவற்றிலேயே மிகப் பழைய வரிகள் இவைதான். தீம் எத்தனை பதிப்பு தாண்டினாலும் இவை அசையவில்லை.

பொருட்களின் பெயருக்கு உயரத்தைக் கட்டிப்போட்டு, மிஞ்சியதை மறைத்துவிடும் பழக்கம் இன்னும் மோசம். பொருட்களைக் காட்டும் அட்டைகள் எல்லாம் ஒரே உயரத்தில் வரிசையாக நிற்க வேண்டும் என்பதற்காகச் செய்வது. எங்கள் தளத்தில் பெயரின் கடைசி வரியில் அடிப்பகுதி வெட்டுப்பட்டு, 'பு'வின் கால் போய் 'ப' மட்டும் நின்றது. புட்டு மாவு பட்டு மாவு ஆகிவிட்டது. வாட்ஸ்அப்பில் ஒரு அக்கா, "பட்டு மாவுன்னா என்ன தம்பி?" என்று கேட்டிருந்தார். உயரக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு அட்டைகளை கிரிடில் (கட்டம் கட்டமாக அடுக்கும் அமைப்பில்) வைத்தால் ஒரே வரிசையில் இருப்பவை தாமாகவே சம உயரத்துக்கு நீளும். மறைக்க வேண்டிய வேலையே இல்லை.

கிரிடில் ஒரு பொறி உண்டு. தமிழ்ச் சொற்கள் விகுதி சேரச் சேர நீளும். 'அனுப்பிவைக்கப்படுகின்றன' என்ற ஒரு சொல் 360 பிக்ஸல் அகலப் போனில் பாதித் திரைக்கு மேல் பிடித்துவிடும். கிரிட் கட்டம் தனக்குள் இருக்கும் உடையாத சொல்லைவிடக் குறுகாது. அதனால் ஒரு சொல்லுக்காகப் பக்கம் முழுவதும் வலப்பக்கம் பிதுங்கி, விரலால் இழுத்துப் பார்க்க வேண்டியதாகும். கட்டத்துக்கு மின்-வித்த் (குறைந்தபட்ச அகலம்) 0 என்று கொடுத்து, இடம் போதாதபோது மட்டும் சொல்லை உடைக்கும் ஓவர்ஃப்ளோ-ராப் எனிவேர் சேர்த்தால் சரியாகும். வேர்ட்-பிரேக் பிரேக்-ஆல் கொடுக்கும் யோசனையும் நிறையப் பேர் சொல்வார்கள். வேண்டாம். அது உடைக்கத் தேவையில்லாத சொற்களையும் வரியோரத்தில் உடைத்துவிடும்.

பொத்தானும் இதே கதை. தீம் செய்தவர் நாலைந்து எழுத்து ஆங்கிலச் சொல்லுக்கு அகலம் வைத்து, வரி மடியாமல் பூட்டியிருப்பார். 'கூடையில் சேர்க்க' அதில் அடங்காது. அகலத்தை எடுத்துவிட்டு, பேடிங்கை (உள் இடைவெளியை) எழுத்தளவோடு சேர்ந்து மாறும் எம் அளவில் கொடுத்து, வரி மடிய விட்டுவிட்டேன். இரண்டு வரிப் பொத்தான் அவ்வளவு அழகில்லை என்பது உண்மைதான். ஆனால் முழுதாகப் படிக்க முடிகிறது.

அப்புறம் லெட்டர்-ஸ்பேசிங். ஆங்கிலத் தலைப்பை எல்லாம் பெரிய எழுத்தாக்கி, எழுத்துகளைத் தள்ளித் தள்ளி வைப்பது ஒரு ஸ்டைல். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது என்பதால் முதல் பாதி தானாகவே செல்லாது. இரண்டாம் பாதி மட்டும் வேலை செய்து, சொல் எங்கே முடிகிறது என்றே தெரியாமல் ஆக்கிவிடும். மேற்கோள்களைச் சாய்த்துப் போடும் தீம்களும் உண்டு. தமிழ் எழுத்துருக்களில் சாய்வெழுத்து பெரும்பாலும் இருக்காது. நேர் எழுத்தையே பிரவுசர் சரித்துக் காட்டும், பார்க்கச் சகிக்காது. வாடிக்கையாளர் கருத்துகள் எல்லாம் அப்படித்தான் சரிந்து கிடந்தன. தமிழுக்கு மட்டும் என்று எழுத 'லாங்' செலக்டர் இருக்கிறது (வரி பக்கத்தின் எந்தப் பகுதிக்கு என்று குறிப்பதுதான் செலக்டர்). அதில் லெட்டர்-ஸ்பேசிங் நார்மல், ஃபான்ட்-ஸ்டைல் நார்மல் என்று இரண்டு வரி. தளத்தின் மொழி தமிழ் என்று வேர்ட்பிரஸ் அமைப்பில் தேர்ந்திருந்தால்தான் இது பிடிக்கும்.

எழுத்துருவைச் சொல்லாமல் விட்டால் ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ், விண்டோஸில் நிர்மலா யூஐ, ரொம்பப் பழைய விண்டோஸில் லதா, ஐபோனில் தமிழ் சங்கம் எம்என் என்று ஒவ்வொரு கருவியிலும் ஒவ்வொன்று வரும். அகலமும் உயரமும் வேறு வேறு. நம் போனில் ஒரே வரியில் நிற்பது இன்னொருவர் கணினியில் மடிந்துவிடும். கூகுள் ஃபான்ட்ஸில் இருப்பவற்றில் கேட்டமரன், முக்தா மலர், ஹிந்த் மதுரை மூன்றையும் நெடுநாள் போட்டுப் பார்த்தேன். கேட்டமரனில் ஒன்பது தடிமன்கள், முக்தா மலரில் ஏழு, ஹிந்த் மதுரையில் ஐந்து. கேட்டமரன் தலைப்புக்கு எடுப்பு. பத்தி பத்தியாகப் படிக்க எனக்கு முக்தா மலர்தான் சுகம். எத்தனை தடிமன் இருந்தாலும் இரண்டு மட்டும் இறக்கினால் போதும், சாதாரணம் ஒன்று, தடித்தது ஒன்று. நம் ஊர் நெட்டில் ஒவ்வொரு கோப்பும் கணக்குத்தான்.

எழுத்துருவை நம் சர்வரிலேயே வைத்து, யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய பகுதிக்கு மட்டும் அது பயன்படட்டும் என்று யூனிகோட்-ரேஞ்ச் எழுதலாம். அப்படிச் செய்பவர்கள் ரூபாய்க் குறியை மறந்துவிடக் கூடாது. 2010-இல் வந்த அந்தக் குறி தமிழ்ப் பகுதியில் இல்லை, நாணயக் குறிகளோடு தனியாக இருக்கிறது. அதைச் சேர்க்காவிட்டால் குறி வேறு எழுத்துருவிலிருந்து வந்து விலைக்கு முன்னால் அந்நியமாக நிற்கும். எண்களும் அப்படித்தான். கடைத் தளத்தில் அதிகம் பார்க்கப்படுவது விலைதானே.

சரி, உதிர்ந்தவற்றுக்கு வருவோம். வூகாமர்ஸோ மற்ற ப்ளகின்களோ பக்கத்தின் பகுதிகளுக்கு அடையாளமாக வைத்திருக்கும் கிளாஸ் பெயர்களைக் குறிவைத்து எழுதியவை எல்லாம் வாடகை வீட்டுச் சுவரில் அடித்த ஆணி மாதிரி. உரிமையாளர் சுவரை இடித்தால் கேட்க முடியாது. பெரிய அடி செக்அவுட் பக்கத்தில், அதாவது முகவரி கொடுத்துப் பணம் கட்டும் பக்கத்தில், விழுந்தது. 2023 நவம்பரில் வந்த வூகாமர்ஸ் 8.3-இலிருந்து புதிய கடைகளுக்கு பிளாக் வகைச் (துண்டு துண்டாக அடுக்கிக் கட்டும்) செக்அவுட்தான் இயல்பாக வருகிறது. பழைய கடைகள் பழைய படிவத்திலேயே தொடரலாம், எங்களுடையது தொடர்ந்தது. பிறகு வேறு ஒரு வசதிக்காகப் புதியதற்கு மாறியபோது, பழைய படிவத்துக்கு எழுதிய அத்தனை வரியும் ஒரே நேரத்தில் செல்லாக்காசாயின. கிளாஸ் பெயர்களே வேறு. திரும்ப எழுத உட்கார்ந்தபோது பாதி வரிகள் தேவையே இல்லை என்று தோன்றியது, விட்டுவிட்டேன். ஒன்றை மட்டும் மறுபடி எழுதினேன்: பெட்டிகளின் எழுத்தளவு 16 பிக்ஸலுக்குக் குறையக் கூடாது என்பது. குறைந்தால் ஐபோனில் பின்கோடு பெட்டியைத் தொட்டதும் பக்கம் தானாகப் பெரிதாகி ஓரத்துக்கு ஓடிவிடும்.

மூன்றாவது பொருளை மறை, ஐந்தாவதை முன்னால் நிறுத்து என்று வரிசை எண்ணை வைத்து எழுதுபவையும் நிற்காது. புதிய பொருள் ஒன்று சேர்ந்ததும் தப்பான ஆள் மறைந்துபோவார். மறைப்பது என்றாலும் அந்தப் படம் பெரும்பாலும் பின்னால் இறங்கிக்கொண்டுதான் இருக்கும். சீசன் முடிந்த பதநீர்ப் பொருட்களை சிஎஸ்எஸ்ஸால் மறைக்காமல் வூகாமர்ஸிலேயே இருப்பு இல்லை என்று குறித்துவிடுவது முறை.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. அந்தப் பெட்டியில் எழுதுவது தீமோடு கட்டப்பட்டது. தீமை மாற்றினால் பெட்டி காலியாக இருக்கும். பழைய தீமுக்குத் திரும்பினால் எழுதியது அப்படியே திரும்பி வரும். அழிந்துவிட்டது என்று பதற வேண்டாம். பிளாக் தீம்கள் வந்தபின் இன்னொரு குழப்பம்: 'தனிப்பயனாக்கு' மெனுவே காணாமல் போகும். 2023 மார்ச்சில் வந்த வேர்ட்பிரஸ் 6.2 முதல் தள எடிட்டரில் ஸ்டைல்ஸ் பகுதியின் மூன்று புள்ளிகளுக்குள் அந்தப் பெட்டி இருக்கிறது. எங்கே இருந்தாலும், எழுதியதை ஒரு டெக்ஸ்ட் கோப்பில் தனியாக நகல் வைத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு துண்டுக்கும் மேலே எதற்காக எழுதியது என்று கமெண்ட். கமெண்டைத் தமிழிலேயே எழுதலாம், எதுவும் உடையாது.

இம்பார்ட்டன்ட் பற்றி. ஒரு வரி மற்ற வரிகளை மீறி எடுபடட்டும் என்று சேர்க்கும் சொல் அது. ஒரு வரி வேலை செய்யவில்லை என்றதும் அதைச் சேர்ப்பது எளிய வழி. பிறகு அதை மாற்ற இன்னொரு இம்பார்ட்டன்ட், அதற்கு மேல் ஒன்று என்று போகும். பெரும்பாலும் காரணம் செலக்டரின் எடைதான், அதாவது இரண்டு வரி மோதினால் எது வெல்லும் என்ற கணக்கு. ஓர் ஐடி (ஒரே ஒரு பகுதிக்கு வைக்கும் தனிப்பெயர்) எத்தனை கிளாஸ் சேர்ந்தாலும் அவற்றை வென்றுவிடும். 2024 ஜூலையில் வந்த 6.6-இல் வேர்ட்பிரஸ் தன் உள் ஸ்டைல்களின் எடையைக் குறைத்துக்கொண்டது. பிளாக் தீம் வைத்திருப்பவர்கள் ஒரு கிளாஸ் போட்டு எழுதினாலே இப்போது பெரும்பாலும் எடுபடுகிறது. பழைய தளங்களில் இந்த வசதியை எதிர்பார்க்க முடியாது.

மாற்றம் வெளியே தெரியவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது கேஷ் ப்ளகின். அந்தப் பெட்டியில் எழுதுவது பக்கத்தின் தலைப்பகுதிக்குள்ளேயே வந்துவிடுவதால், சேமித்துவைத்த பழைய பக்கம் பழைய சிஎஸ்எஸ்ஸையும் சேர்த்தே காட்டும். கேஷை அழித்தால் சரி.

இன்னும் தீராத தொல்லை மிதக்கும் வாட்ஸ்அப் பொத்தான். எங்கள் ஆர்டரில் பாதிக்கு மேல் அதில்தான் வருகிறது என்பதால் எடுக்கவும் முடியாது. போனில் அது 'கூடையில் சேர்க்க' மேலேயே உட்கார்ந்துகொள்ளும். "அந்தப் பச்சை உருண்டையை ஓரமாத் தள்ளுடே" என்பது மாமாவின் நிரந்தரக் கோரிக்கை. ப்ளகின் தன் இடத்தை இன்லைன் ஸ்டைலில், அதாவது பொத்தானின் எச்டிஎம்எல்லுக்குள்ளேயே, எழுதிவைத்திருக்கிறது. வெளியே எழுதும் சாதாரண வரி எதுவும் அதை வெல்லாது. ஆகவே இந்த ஒரு இடத்தில் மட்டும் இம்பார்ட்டன்ட் போட்டு, கீழிருந்து கொஞ்சம் உயர்த்தி, ஐபோனின் அடிப்பட்டைக்கான இடத்தையும் சேர்த்துவிட்டேன். ப்ளகின்காரர்கள் அந்த ஐடியை மாற்றினால் இதுவும் போகும். அப்போது ப்ளகினைத் தூக்கிவிட்டு, வாட்ஸ்அப் எண்ணுக்கு ஒரு சாதாரண இணைப்பைப் பொத்தானாக விலைக்குக் கீழே வைத்துவிடலாம் என்று மாமாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.